இரண்டு வருடத்துக்கு ஒரே மழை

தம்பி,

ஈமெயில் அடித்தால் போதும், அதுவும் நாலு வரி போதும் என்கிறாள் அம்மா. என் ஈமெயிலை நீ ஜெனீவாவில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, ஒரு விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். கடிதமென்றால் உடைக்க வேண்டும், என் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அதற்காகவாவது ஓரிடத்தில் இருப்பாய். பனிக்குள்ளும் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைக்கிறது. முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை வாசி. இடையில் உன்னைக் கொஞ்சம் ஏசவும் செய்வேன். அதையும் வாசி.

நீ போய் ஏழு கிழமை. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் சொல்லி எட்டுக் கிழமை. இரண்டையும் நான் சேர்த்தேதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து இந்த ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் எல்லோரும் களைத்துப்போய்த்தான் திரிகிறோம். சண்டையை நிறுத்தச் சொல்லிக் குளிருக்குள் டவுண்டவுனில் பதாகையோடு தொண்டை கிழியக் கத்திய சனம், இப்போது அஜின்கோர்ட் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒருவரையொருவர் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறது. "ஏதும் அறிஞ்சியளோ?" "இல்லை, நீங்கள்?" "இல்லை." அதோடு சரி, அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், முழங்காலுக்குத் தைலம் பூசுகிறேன், ரீவிக்கு முன்னால் குந்துகிறேன். உன் அம்மா கறிக்கு உப்புப் போடாமல் விட்டாலும் எனக்குத் தெரிவதில்லை, போட்டாளா என்று அவளுக்கும் தெரிவதில்லை.

விமான நிலையத்தில் நீ, "போட்டு வாறன் அப்பா" என்றாய். நான் "ம்" என்றேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை கடல் தாண்டி வேலைக்குப் போகும்போது தகப்பன்காரன் வாயிலிருந்து வந்த மொத்தச் சொல்லும் அதுதான். காரில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என்னோடு கதைக்கவில்லை. வோபர்னில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு, "நல்லாத்தான் வழியனுப்பினியள்" என்றாள், கதவை அடித்துச் சாத்தினாள். அவள் அடித்தது சரி. நீ என்னைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். கோபம் என்பது நான் போர்த்திக்கொண்ட போர்வை, உள்ளே இருந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்த வயதில் பேனையும் கையுமாக இருக்கிறேன்.

உன் வேலையைப் பற்றி ஆட்கள் கேட்டால் நான் எப்போதும் திணறுவேன். டொக்டர், எஞ்சினியர் என்றால் ஒரு சொல்லில் ஆள் தப்பிவிடலாம். "காலநிலை மாறுறதாலை நாடுகளுக்கு என்ன நடக்குது எண்டு பாத்து மார்க்ஸ் போடுற வேலை" என்று சொல்லிவைத்திருந்தேன். ஸ்ரௌவ்விலில் பெரிய வீடு வாங்கியிருக்கிறாரே என் பழைய வேலைத்தோழர், அவர் நெற்றியைச் சுருக்கி, "அதுக்குச் சம்பளமும் குடுப்பினமோ?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அதனால்தான் நீ போகுமுன் அந்தப் பின்னேரம் குசினி மேசையில் நீ கொம்பியூட்டரைத் திறந்து, "வாங்கோ அப்பா, காட்டுறன்" என்றபோது உண்மையிலேயே ஆசையாய் வந்து உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எண் என்றாய். வெக்கை, வெள்ளம், வறட்சி, கடல் ஏறுவது, இவற்றால் அந்த நாட்டுக்கு எவ்வளவு அடி விழும் என்பது முதல் எண். விழுந்தால் எழும்புவதற்கு அதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஒழுங்கான அரசாங்கம் இருக்கிறதா என்பது இரண்டாம் எண். அடி எவ்வளவு, எழும்பப் பலம் எவ்வளவு. எனக்கு நன்றாக விளங்கியது. இவன் படித்தது வீண்போகவில்லை என்றுகூட நினைத்தேன். "கனடாவுக்கு?" என்று கேட்டேன். மேலே, நல்ல இடத்தில் இருந்தது. "எங்கட நாட்டுக்கு?" என்றேன். நீ விரலால் கீழே இறக்கி, "அவ்வளவு மோசமில்லை அப்பா, நடுவிலதான்" என்றாய்.

பக்கத்து அறையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதற்கு முன்னால் முந்தானையை வாயில் வைத்தபடி இருந்தாள். கடைசித் துண்டு மணலில் சனம் நின்ற கிழமை அது. உன் ராணி மாமியும் தவம் மாமாவும் அதற்குள்தான் நின்றார்கள். என் ஒரே தங்கச்சி, அவள் புருசன். "வன்னிக்கு எத்தினை?" என்று கேட்டேன்.

"வன்னிக்கு எண்டு தனியா ஒண்டும் இல்லை. அந்தப் பக்கம் கன வருசத்துக்கு டேட்டாவே இல்லை அப்பா. நாட்டின்ர அவரேஜைப் போட்டு நிரப்பியிருக்கினம்" என்றாய். பிறகு ஏதோ நினைவு வந்து, சிரித்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைத் திறந்தாய். "இதைப் பாருங்கோ, பழைய மழைக் கணக்கு. இந்த ஸ்டேஷன் உங்கட பக்கம்தானே? ஒக்டோபர், நவம்பர், டிசம்பர்... ரெண்டு வருசத்துக்கும் ஒரே நம்பர், புள்ளிக்குப் பிறகு வாறதும் அதேதான்! ஆரோ ஒரு சோம்பேறி போன வருசத்தைப் பாத்து கொப்பியடிச்சிருக்கிறான்."

அந்தச் சோம்பேறி நான்தான், தம்பி.

ஸ்டேஷனுக்கு நேரே ஒரு குளத்தின் பெயரை ஆங்கிலத்தில் பிழையாக எழுதியிருந்தார்கள், ஆனாலும் என் குளம்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மூக்கு வடியும் பேனையால் நான் எழுதியது, கடல் கடந்து, கொம்பியூட்டருக்குள் ஏறி, என் குசினி மேசைக்கு என் மகன் கையால் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கொம்பியூட்டரின் மூடியை உன் விரலோடு சேர்த்து அடித்து மூடினேன். "அங்க சனம் சாகுது, நீ இஞ்ச இருந்து மார்க்ஸ் போட்டு விளையாடுறியோ? உன்ர கணக்கில உன்ர மாமி நல்லாத்தான் இருக்கிறா போல!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து, "இஞ்சருங்கோ, பிள்ளை என்ன செய்தவன்?" என்று கேட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய், மெல்ல ஏதோ சொன்னாய், நான் கேட்கிற நிலையில் இல்லை. அந்தப் பார்வையோடுதான் நீ ஜெனீவாவுக்குப் போனாய்.

இங்கே வந்து தொழிற்சாலையில் கார்க் கதவு பொருத்தத் தொடங்குமுன் நான் ஒரு குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க் என்று உனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்ப்பதும் என் வேலை என்று சொன்னேனோ தெரியாது. குளக்கட்டின் அடியில் வேலி போட்ட சின்னத் துண்டு நிலம், நடுவில் செப்புப் பாத்திரம். அதற்குள் விழுந்த தண்ணீரைக் கண்ணாடி அளவுகோப்பையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, கொப்பியில் எழுத வேண்டும். மாதம் முடிய ஒரு தாளில் பெயர்த்து மேலே அனுப்ப வேண்டும். அஞ்சு நிமிச வேலை. ஆனால் ஒவ்வொரு நாளும் போக வேண்டும், மழை பெய்யாவிட்டாலும் போய்ப் பார்த்துத்தான் பூச்சியம் போட வேண்டும்.

நீ காட்டிய அந்த இரண்டாவது வருட மாரியில் நான் போகவில்லை. முதல் அஞ்சாறு நாள் ஹெலிகொப்டர் சுற்றியது, தெருவில் ஒருவரும் இறங்கவில்லை. அது ஹெலியின் குற்றம். மிச்ச நாள் எல்லாம் என் குற்றம். உனக்கு நாலு வயது. உன்னையும் அம்மாவையும் வெளியில் எடுக்க வேண்டும் என்று நான் கொழும்புக்கும் ஊருக்குமாகப் பாஸ்போட்டுக்கு அலைந்தேன். ஊரில் நின்ற நாட்களிலும் சைக்கிளை எடுக்கவில்லை. மனம் அப்போதே விமானம் ஏறிவிட்டது, பிறகு குளக்கட்டில் எத்தனை மில்லிமீற்றர் பெய்தால் எனக்கென்ன? மாத முடிவில் தாள் அனுப்ப வேண்டி வந்தபோது போன வருடக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். மூன்று மாதமும் அப்படியே. வெறுமையாக விட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். நிரப்பிவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கிளார்க்மாருக்கு இது பிறவிப் புத்தி.

அந்த வருடம் மாரி பொய்த்துப்போனது. விதைத்தது முளையோடு கருகியது. வறட்சி நிவாரணம் வந்தது, எங்கள் பகுதிக்கு மட்டும் வரவில்லை. ஏனென்றால் மேலே இருந்தவர்களிடம் என் தாள் இருந்தது. என் தாளில் நல்ல மழை. தவம் மாமா ஒருநாள் பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எங்கோ கேட்டு விசயம் அறிந்திருக்கிறார். "மச்சான், உன்ர கொப்பியில மழை பெய்திருக்கு. என்ர வயலில பெய்யேல்லையே" என்றார். கோபமாய்க்கூடக் கேட்கவில்லை, விளங்காமல் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "குளத்தடியில பெய்தது தவம். உங்கட பக்கம் பெய்யேல்லையாக்கும்" என்றேன். அவர் "அப்ப சரி" என்றார். தேத்தண்ணியைக் குடித்தார், உன்னைத் தூக்கி ஒருக்கால் மேலே எறிந்து பிடித்தார், போனார். அந்த மாதம் தன் இரண்டு எருதையும் விற்றார். பக்கத்து வீடுகளும் அப்படித்தான் எதையெதையோ இழந்தன, நான் கேட்டறியப் போகவில்லை. அடுத்த வருடம் நாங்கள் இங்கே வந்துவிட்டோம்.

இது எல்லாம் பழங்கதை என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் திரும்பவும் செய்தேன், அதையும் கேள்.

நீ போன பிறகு அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் ஆட்கள் கூடி, காணாமல் போன உறவுகளின் விபரத்தைப் படிவங்களில் எடுத்தார்கள். என் கையெழுத்து வடிவு என்று சொல்லி என்னையும் மேசையில் இருத்தினார்கள். சனம் வரிசையில் நிற்கும். பெயர், வயது, கடைசியாய்க் கண்ட இடம். கடைசிக் கட்டம் 'நிலை'. அந்தக் கட்டத்துக்கு வந்தவுடன் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள். பொறுப்பாய் நின்ற பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என் தோளருகில் வந்து, "அங்கிள், ஏதாவது போடுங்கோ. வெறுமையா விட்ட ஃபோமை ஒருத்தரும் எடுத்துப் பாக்காயினம்" என்றாள். நீயும் அன்றைக்கு இதைத்தான் சொன்னாய், நான் கத்தி முடித்த பிறகு, மெல்ல: "நம்பர் இல்லாட்டி அந்த இடம் லிஸ்டிலயே வராது அப்பா. லிஸ்டில வராட்டி ஒருத்தரும் ஒரு உதவியும் செய்யாயினம்." அந்தப் பிள்ளை சொன்னதும் உண்மை. நீ சொன்னதும் உண்மை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

கடைசியாய் எங்கள் வீட்டுப் படிவத்தை எழுதினேன். எங்கள் ஊரான் ஒருவன், அங்கே தப்பிய சனத்தை அடைத்துவைத்திருக்கிற முகாமிலிருந்து இங்கே ஆருக்கோ சொன்னானாம், தவத்தாரை விழக் கண்டதாக. அது எனக்குப் போதுமாய் இருந்தது. தவராசா, நிலை: இறந்தவர். செல்வராணி: விதவை. வடிவான எழுத்து. கை நடுங்கவேயில்லை, தம்பி. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

போன செவ்வாய் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், அவளால் கதைக்க முடியவில்லை. "அண்ணை, நான் ராணி" என்று கேட்டது. முகாமில் ஆரிடமோ கெஞ்சி வாங்கிய ஃபோன், அஞ்சு நிமிசம்தானாம். வாயில் பேஸ்ட் நுரையோடு நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். சாப்பிட்டாயா, காயம் ஏதும் பட்டதா, கூடாரத்துக்குள் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். பிறகு, பெரிய உதவி செய்த ஆள் மாதிரி, "ராணி, உங்கட பேரெல்லாம் இஞ்ச குடுத்திருக்கிறன். தவத்தின்ர விசயமும் எழுதியிருக்கு" என்றேன்.

"என்னண்டு எழுதினியள்?"

நான் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆர் கண்டது?"

"ஊரான் ஒருத்தன், விழுந்ததைக் கண்டவனாம்."

"விழுந்ததை நானும் கண்டனான் அண்ணை. எழும்பினவரோ இல்லையோ எண்டு நான் காணேல்லை. சனம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்திட்டுது. நான் காணாததை நீங்கள் ரொறன்ரோவில இருந்து கண்டிட்டியளோ?" என்றாள். குரல் ஏறவேயில்லை. "நான் பொட்டை அழிக்கேல்லை. முந்தி மழையை எழுதினியள். இப்ப இவரை எழுதிப்போட்டியள்."

குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அவருக்கு அண்டைக்கே தெரியும். உங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கே. அண்ணையோட போய்க் கதைக்கிறன் எண்டு நான் நிண்டனான். 'வேண்டாம், பாவம், அவன் வெளிக்கிடுற அவதியில நிக்கிறான், கேட்டால் வெக்கப்படுவான்' எண்டு என்னை மறிச்சுப்போட்டார்." அதோடு ஃபோனைப் பறித்துவிட்டார்கள்.

இருபது வருடமாக அந்த மனிதன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார், தம்பி. தீபாவளிக்கு, உன் பிறந்தநாளுக்கு, நீ பல்கலைக்கழகம் போன நேரம். ஒன்றிலும் ஒரு சொல் இல்லை. நானும் ஒன்றிலும் சொல்லவில்லை. ஒருநாள் நேரில் காணும்போது சொல்வோம், இரண்டு பேரும் சிரித்துவிடுவோம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொல்லவேண்டியதைத் தள்ளிப்போட எனக்குக் கிடைத்த சாக்கு அது.

அன்றைக்கே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அஜின்கோர்ட்டுக்குப் போனேன். படிவத்தைத் திரும்பக் கேட்டேன். "அப்ப என்ன எழுதுறது அங்கிள்?" என்றாள் அந்தப் பிள்ளை. 'தெரியாது. மனைவி தேடிக்கொண்டிருக்கிறா' என்று எழுதினேன். அவள் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மற்றப் படிவங்களின் மேலே வைத்தாள். எடுத்துப் பார்ப்பார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதில் இருப்பது பொய் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தகப்பன் என்றால் வாய் சும்மா இருக்காது. நிரப்பாதே என்று உன்னிடம் சொல்லமாட்டேன். எண் இல்லாத இடத்தை உலகம் திரும்பிப் பார்க்காது என்று நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நிரப்பத்தான் வேண்டுமென்றால் நிரப்பு, ஆனால் பக்கத்தில் எழுதிவை, இது அளந்தது இல்லை, நாங்கள் போட்டது என்று. வேறு நிறத்தில் போடு, கண்ணை உறுத்தட்டும். நடுவில் இருக்கிறது, மோசமில்லை என்று ஒருவன் வாசித்துவிட்டு நிம்மதியாய்ப் பக்கத்தைப் புரட்டக்கூடாது. மேலே இருக்கிறவர்கள் உன்னிடம் சுத்தமான தாள்தான் கேட்பார்கள். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். அந்த மூன்று மாதத்தை அழித்துவிடு. ஆரும் கேட்டால் என் பெயரைச் சொல், இன்ன கிளார்க் அளக்கப் போகவில்லை என்று சொல். இந்த வயதில் எனக்கு இனி என்ன வெட்கம்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதர் இப்போது 'தெரியாது' என்ற கட்டத்துக்குள் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் அந்தச் சொல் இருக்கும்வரை, அவரைக் கண்டு கேட்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. நானே அதை அடைக்கப் பார்த்தேன். உன் மாமிதான் அஞ்சு நிமிசக் கதையில் அதைத் திறந்துவிட்டாள்.

உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை, ஜெனீவா நம்பர் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் ஃபோன் எடுத்தால் நான் திரும்பவும் "ம்" என்றுதான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நீ சரி, நான் பிழை. உன் விரலுக்கு வலித்திருக்கும். என்னை மன்னி, தம்பி. ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் எடு. அம்மாவிடம் கொடுக்காமல் நானே தூக்குவேன்.

அப்பா